தீர்ப்பு நேரத்தில் போன கரண்ட்

“மாலை 6.30: சிறுவர் பட்டிமன்றம். மனித வாழ்வின் துன்பங்களுக்குப் பெரிதும் காரணம், கடவுளின் சோதனையே! சாத்தானின் சூழ்ச்சியே! மனிதனின் தவறே! நடுவர்: பங்குத்தந்தை அவர்கள். இறுதியில் தீர்ப்பும் பரிசளிப்பும்.”

1997ஆம் ஆண்டு மே மாதம், திண்டுக்கல்லில் எங்கள் பங்குக் கோயில் திருவிழாவுக்காக அச்சிட்ட ரோஸ் நிற நோட்டீஸில் இப்படி இருக்கிறது. ஒரு பிரதி என்னிடம் உண்டு. மடித்த இடங்களில் கிழிந்திருந்தாலும் எழுத்துகள் தெளிவாகவே இருக்கின்றன. வருடங்களையும் கிழமைகளையும் சரிபார்த்து எழுதிவைப்பது என் பழக்கம் என்பதால், அந்த நோட்டீஸில் உள்ள ஒரு பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். பரிசளிப்பு நடந்தது. தீர்ப்பு நடக்கவில்லை.

எனக்கு அப்போது பதினொரு வயது. மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் மூன்று சீட்டுகளைச் சுருட்டிப் போட்டு எடுக்கச் சொன்னார். கடவுள் அணி, கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையின் மகனுக்குப் போனது. சாத்தான் அணி, கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏற்கெனவே சாத்தானாக நடித்துக் கைதட்டல் வாங்கியிருந்த ஒரு பையனுக்கே மறுபடியும் விழுந்தது. எனக்கு வந்தது மனிதன். எனக்குப் பெருத்த ஏமாற்றம். கடவுளுக்காகப் பேசினால் பாட்டிமார்கள் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார்கள். சாத்தானுக்காகப் பேசினால் பையன்கள் விசில் அடிப்பார்கள். மனிதனுக்கு யார் கைதட்டப் போகிறார்கள்?

“அட பைத்தியமே, ஒனக்குத்தான் லட்டு மாதிரி தலைப்பு,” என்றார் அப்பா. அவர் பள்ளி ஆசிரியர். “பேச்ச நான் எழுதித் தாரேன். நீ மனப்பாடம் மட்டும் பண்ணு. பரிசு நம்ம வீட்டுக்குத்தான்.”

பரிசு மூன்றடுக்கு எவர்சில்வர் தூக்கு. அதை சிஸ்டர் ஒரு மாதத்துக்கு முன்பே வகுப்பு அலமாரியின் மேல் வைத்துவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் அதில் எங்கள் மூவரின் முகமும் கோணலாகத் தெரியும். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. குளிக்கும்போது பேசினேன், மாவு அரைத்துவரப் போகும் வழியில் பேசினேன். ரேஷன் கடை வரிசையில் நின்று ‘நடுவர் அவர்களே’ என்று உரக்கச் சொல்லி, முன்னால் நின்றவரைத் திடுக்கிடவைத்தேன்.

அந்த நாட்களில் எனக்குத் தெரியாத ஒன்றை வாசகருக்கு இங்கேயே சொல்லிவிடுவதுதான் முறை.

என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்தார். அவர் கணவருக்கு ரேடியோ செட் தொழில். குழாய் என்று நாங்கள் சொல்லும் கூம்பு ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர், மைக், சீரியல் பல்புகள் எல்லாம் வாடகைக்கு விடுவார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் மாமாவின் குழாய்தான் முதலில் கட்டப்படும். பழனிப் பக்கம், கொங்குப் பேச்சு பேசும் நெய்க்காரப்பட்டிக்காரர். திண்டுக்கல்லுக்கு வந்து வருடங்கள் ஆகியும் ‘ங்க’ போடாமல் பேச வராது. எங்கள் உறவினர்கள் அவரைப் போலப் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். அவர்களை விட அதிகமாக அவரே சிரிப்பார்.

முந்தைய ஆண்டு மழைக்காலத்தில் அவர் ஒட்டன்சத்திரத்தில் ஒரு சடங்கு வீட்டுக்குக் குழாய் கட்டப் போயிருந்தபோது, நாள் நெருங்குவதற்கு முன்பே அத்தைக்கு வலி கண்டுவிட்டது. அப்போது எங்கள் யார் வீட்டிலும் போன் இல்லை. தெரிந்த ஒருவர் ஒட்டன்சத்திரம் காய்கறிக் கமிஷன் கடைக்குப் போன் போட்டு, அங்கிருந்து ஆள் போய்ச் சொல்லி, மாமா வெறும் தக்காளிக் கூடைகள் ஏற்றிய லாரியில் தொற்றிக்கொண்டு மறுநாள் காலை வந்து சேர்ந்தார். அதற்குள் ஆண் குழந்தை பிறந்து, மூச்சுக்குத் திணறி, போய்விட்டது. எங்கள் சபையில் சாமியார் வரும்வரை உயிர் தங்காது என்று தெரிந்தால் பக்கத்தில் இருப்பவர் யாரானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம். அன்று பக்கத்தில் இருந்தவர் என் அப்பா. ஆஸ்பத்திரி டம்ளரில் தண்ணீர் எடுத்து, அந்தச் சின்ன நெற்றியில் ஊற்றி, பெயரும் அவரே வைத்தார். தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் தான் நிற்க நேர்ந்ததை அப்பா மன்னிக்கவில்லை. அதன் பிறகு அவர் மாமாவோடு பேசியதில்லை. வீட்டில் பேச்சு வந்தால், “அந்த ரேடியோ செட்டு” என்பார்.

குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, யார் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னதாக அம்மா என்னிடம் வெகுகாலம் கழித்துச் சொன்னார். அதை அன்றே அப்பாவிடமும் சொன்னார்களாம். அப்பா தலையை ஆட்டிக்கொண்டாராம்.

எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், அத்தைக்குக் குழந்தை பிறந்து இறந்துபோனது, அதைப் பற்றி அங்கே பேசக் கூடாது என்ற இரண்டு செய்திகள்தான். இவற்றோடு மூன்றாவதாக, அத்தை வீட்டில் எனக்கு ஒரு முக்கியமான பதவி இருந்தது.

பள்ளி விட்டதும் அங்கே போவேன். அத்தை அடுப்படியில் இருப்பார். மாமா முன்னறையில் ஏதாவது ஒரு பெட்டியைத் திறந்துவைத்து சால்டரிங் வைத்துக்கொண்டிருப்பார். நடுவில் ஒரு வாசற்கால், கதவுகூடக் கிடையாது.

“ஏ புள்ள, ஒங்க மாமாட்டச் சொல்லு, சோறு போட்டாச்சுன்னு.”

ஐந்தடி நடந்துபோய்ச் சொல்வேன்.

“வெஞ்சனம் என்னன்னு கேட்டுட்டு வா கண்ணு.” தொட்டுக்கொள்ளும் கறியைச் சொல்லும் இந்த ‘வெஞ்சனம்’ அவர் எங்கள் ஊரில் கற்றுக்கொண்டது.

ஐந்தடி திரும்புவேன். “கத்திரிக்கான்னு சொல்லு.” மறுபடி ஐந்தடி. “நேத்தும் கத்திரிக்காதானுங்களேன்னு கேளு.” இதைக் கேட்டு வருவதற்குள் அத்தை, “நாளைக்கும் அதுதான்னு சொல்லு” என்பார். இப்படி நான் இருவருக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருப்பேன். பெரியவர்கள் என்னை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்கு அவ்வளவு பெருமை. ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகவே கேட்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

திருவிழாவன்று பிற்பகலே மாமா கோயில் வளாகத்துக்கு வந்துவிட்டார். மேடைக்கு வலப்பக்கம் வேப்பமரத்தடியில் மேசை போட்டு ஆம்ப்ளிஃபையரை வைத்தார். கோயில் மீட்டரிலிருந்து வயர் இழுத்து, ஃபியூஸ் கட்டை மாட்டிய பலகையைத் தன் காலடியில் நிறுத்தினார். குழாய் வைத்துக் கொண்டுவந்த மரப்பெட்டி காலியாகப் பக்கத்தில் கிடந்தது. மேடைக்கு இடப்பக்கம், குகைபோல் கட்டி மாதா சிலை வைத்த கெபி. அங்கே வெயிலிலேயே மெழுகுவர்த்திகள் எரிய ஆரம்பித்திருந்தன.

நான் ஓடினேன். மைக்கில் பேசிப் பார்க்க வேண்டும்!

“வாங்க பேச்சாளரம்மா,” என்றார் மாமா. “மைக்குக்கு முத்தங் குடுக்காத. ஒரு சாண் தள்ளி நில்லு. ம், ஆரம்பி.”

வால்யூமைக் குறைத்துவைத்தார். நான் முழுப் பேச்சையும் பேசிக் காட்டினேன். தூங்கிப்போன டிரைவர், கலப்படம் செய்த வியாபாரி, தோல் பதனிடும் ஷாப்பின் கழிவுத் தண்ணீர் கலந்த கிணறு என்று அப்பா வரிசையாக உதாரணங்கள் அடுக்கியிருந்தார். உச்சத்தில் ஒரு வரி. இன்றும் எனக்கு மனப்பாடம்.

“இருக்க வேண்டிய நேரத்தில், இருக்க வேண்டிய இடத்தில் ஒருவன் இல்லாமல் போனால், அந்தத் துன்பத்துக்குக் கடவுளைக் குறை சொல்லலாமா? சாத்தானைக் குறை சொல்லலாமா?”

மாமா குனிந்து ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். அது எவ்வளவு முடுக்கியும் முடியவில்லை. பிறகு நிமிர்ந்தார்.

“அந்த எடத்துல சித்த நிறுத்தோணும் கண்ணு. ‘இல்லாமல் போனால்’னு சொல்லிப்போட்டு மூச்சு வாங்கிக்க. அப்பறமாக் கேள்வியக் கேளு. அப்பத்தான் எல்லாருக்கும் போய்ச் சேரும்.”

“நல்லா இருக்கா மாமா?”

“ஒங்கப்பா எழுத்துங்களே, கேக்கோணுமா? தூக்கு ஒனக்குத்தான் போ.”

நான் நிறுத்திப் பேசிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. நிறுத்தியதும் அந்த வரிக்கு ஒரு கனம் வந்துவிட்டது.

மாலைப் பூசை முடிந்ததும் ஜனங்கள் அப்படியே மணலில் உட்கார்ந்தார்கள். மலைக்கோட்டைக்குப் பின்னால் வானம் சிவந்துகொண்டிருந்தது. டியூப் லைட்டுகள் ஒவ்வொன்றாகக் கண்சிமிட்டி எரிந்தன. நடுவரான பங்குசாமி எங்கள் ஊருக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. எங்கள் குடும்பக் கதை எதுவும் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நல்ல நகைச்சுவைக்காரர். முதல் ஐந்து நிமிடத்திலேயே கூட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கடவுள் அணி முதலில் பேசியது. தங்கத்தை நெருப்பில் புடம் போடுவதுபோல ஆண்டவர் நம்மைச் சோதிக்கிறார் என்றான் கோயில்பிள்ளையின் மகன். “இவ்வளவு நாளாப் போட்டும் நம்ம தெருவுல ஒருத்தரும் தங்கமாகலியேப்பா!” என்று கூட்டத்தில் ஒருவர் குரல் கொடுத்தார். அவன் அதற்குப் பிறகு தடுமாறி, ஒரு செபத்தைச் சொல்லி முடித்துக்கொண்டான்.

அடுத்தது சாத்தான். அவன் ‘சாத்தான்!’ என்று கையை உயர்த்தியபோதெல்லாம் குழாய் ‘கீ...’ என்று ஊளையிட்டது. கூட்டம் சிரித்துப் புரண்டது. நான் வேப்பமரத்தடியைப் பார்த்தேன். மாமாவின் விரல் ஒரு குமிழின் மேல் இருந்தது, முகமோ மிகவும் பக்தியாக இருந்தது. இதை நான் நேரில் பார்த்தேன். பின்னால் வரும் விசாரணைக்கு இது ஒரு சாட்சியம்.

பிறகு நான். ஒரு சாண் தள்ளி நின்றேன். என் குரல் என்னைவிடப் பெரிதாகிக் குழாய் வழியே தெருவுக்குப் போனதைக் கேட்டேன். டிரைவருக்குக் கைதட்டினார்கள். கலப்பட வியாபாரிக்குப் பெண்கள் பக்கத்திலிருந்து, “அப்படிச் சொல்லு தாயி!” என்றார்கள். அந்த வரி வந்தது. இல்லாமல் போனால் என்று சொல்லி நிறுத்தினேன். மூச்சு வாங்கினேன். பிறகு கேள்வியைக் கேட்டேன். கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல்! எங்கள் உறவினர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் யாரும் தட்டவில்லை. பிரமித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா கையைக் கட்டிக்கொண்டு தூணருகே நின்றிருந்தார். அத்தை மணலில் விரலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

பங்குசாமி தீர்ப்புக்கு எழுந்தார். இருட்டிவிட்டிருந்தது. கடவுள் அணியைப் பாராட்டினார். சாத்தான் அணிக்கு, “சாத்தானே வந்து பின்னணி இசை கொடுத்தது சிறப்பு” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இந்தப் பாப்பா ஒரு வரி சொல்லுச்சு. கேட்டீங்களா? நான் குறிச்சே வச்சுட்டேன்.” துண்டுக் காகிதத்தைப் பார்த்து அவர் அதைத் தன் கனத்த குரலில், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, மறுபடியும் வாசித்தார். இரண்டாம் முறையாக அந்த வரி குழாய் வழியே ஊருக்கெல்லாம் போனது. “இதுக்கு மேல என்ன இருக்கு? ஆகவே, என்னுடைய தீர்ப்பு...”

பட்டென்று எல்லாம் அணைந்தது. மைக், டியூப் லைட், சீரியல் பல்பு எதுவும் மிச்சமில்லை.

“ஓ...” என்று கூட்டம் கூவியது. “சாமி, தீர்ப்பச் சொல்ல விடாம சாத்தானே வந்துட்டான் சாமி!” என்று யாரோ கத்த, சாத்தான் அணிப் பையன் மேடையிலேயே துள்ளிக் குதித்தான். “நாந்தான் ஜெயிச்சேன்! நாந்தான் ஜெயிச்சேன்!” எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு சொல்! அது ‘மனிதனே’ என்ற சொல் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

“மாமா! கரண்ட்டு!” என்று மேடையிலிருந்து கத்தினேன்.

“வரும் கண்ணு, வரும்,” என்றது இருட்டு.

கெபியில் எரிந்த மெழுகுவர்த்திகள் மட்டும் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் அத்தை எழுந்ததைப் பார்த்தேன். கெபிக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தியை எடுத்தார். அணையாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு, உட்கார்ந்திருந்த உறவினர்களைத் தாண்டி, மேடைக்கு முன்னாலேயே நடந்து, வேப்பமரத்தடிக்குப் போனார். எனக்கு ஒரே சந்தோஷம். நன்றாகத் திட்டப் போகிறார், ‘புள்ளையோட தீர்ப்பக் கெடுத்துட்டீங்களே’ என்று கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

அத்தை மெழுகுவர்த்தியை ஆம்ப்ளிஃபையர் மேல் ஒட்டவைத்தார். அந்தக் காலி மரப்பெட்டியை இழுத்துப் போட்டு மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏதோ சொன்னார். மாமாவின் தலை குனிந்தது. அத்தை இன்னும் ஏதோ சொன்னார். ஒருவரும் ஃபியூஸ் பலகையைத் தொடவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. இது பேசுகிற நேரமா?

அதற்குள் அப்பா டார்ச்சோடு கிளம்பிவிட்டதைப் பார்த்து நிம்மதியானேன். எங்கள் வீட்டில் ஃபியூஸ் போனால் அப்பாதான் பார்ப்பார். வட்டமான வெளிச்சம் மணலில் தாவித் தாவி வேப்பமரத்தை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. அப்பா அந்த இருவரையும் பார்த்தபடி நின்றார். பிறகு டார்ச்சை அணைத்தார். இருட்டில் அப்படியே நின்றுகொண்டார். அப்பாவுமா!

பங்குசாமி அதை எந்த அளவுக்குக் கவனித்தார் என்று தெரியாது. மைக் இல்லாமலேயே, “கரண்ட் வரும்வரை செபமாலை சொல்வோம்” என்று உரக்கத் தொடங்கினார். அருள் நிறைந்த மரியே என்று கூட்டம் பின்தொடர்ந்தது. வேப்பமரத்தடியிலிருந்து செபம் வந்ததா என்று கேட்கக் காதைத் தீட்டினேன். வரவில்லை.

விளக்குகள் திரும்ப எரிந்தபோது அத்தை இன்னும் அந்தப் பெட்டிமேலேயே இருந்தார். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். “தீர்ப்பு! தீர்ப்பு!” என்று பையன்கள் கத்தினார்கள். பங்குசாமி மைக்கைத் தட்டினார். வேப்பமரத்தடியை ஒருமுறை பார்த்தார். கையிலிருந்த துண்டுக் காகிதத்தை மடித்து அங்கியின் பைக்குள் வைத்தார்.

“தீர்ப்பு அடுத்த வருசம்,” என்றார். “அதுவரைக்கும் எல்லாரும் யோசிச்சுக்கிட்டே இருங்க.”

கூட்டம் சிரித்துக் கலைந்தது. மூவரும் சமம் என்பதால் மூவருக்கும் ஆளுக்கொரு சோப்பு டப்பா கிடைத்தது. எவர்சில்வர் தூக்கு கோலப்போட்டிக்குப் போய்விட்டது. அடுத்த வருடம் பங்குசாமி வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார், பட்டிமன்றத் தலைப்பும் தொலைக்காட்சியால் விளைவது நன்மையா தீமையா என்று ஆகிவிட்டது.

வீடு திரும்பும் வழியெல்லாம் அழுதேன். அப்பா என்னைச் சமாதானப்படுத்தவில்லை. “நல்லாப் பேசுனே,” என்றார் ஒருமுறை. கொஞ்ச தூரம் போனபின், “அந்த வரி வேண்டியதில்ல,” என்றார். அதுதானே நல்ல வரி என்று நான் சண்டைக்குப் போனேன்.

மறுநாள் வழக்கம்போல அத்தை வீட்டுக்கு ஓடினேன், மாமாவிடம் கோபமாக இருப்பதைத் தெரிவிப்பதற்காக. அவர் முன்னறையில் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தார். நான் வாசற்காலில் என் இடத்தில் நின்றேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

“ஏங்க, சோறு போட்டாச்சு.”

“வெஞ்சனம் என்னங்க?”

“கத்திரிக்கா.”

நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். என்னை யாரும் எதற்கும் அனுப்பவில்லை. பட்டிமன்றத்தில் ஜெயிக்காததால்தான் என்னைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று முடிவு செய்து, இரண்டு நாள் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை.

பின்னாளில், தீமை எங்கிருந்து வருகிறது, கடவுள் ஏன் அதை விட்டுவைக்கிறார் என்று விவாதிக்கும் கனத்த புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தேன். சுற்றி வளைத்துப் பார்த்தால் அவற்றிலும் அந்த ரோஸ் நிற நோட்டீஸில் இருந்த மூன்று அணிகள்தான். சில புத்தகங்களில் தீர்ப்புகூட இருக்கிறது. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நான் என்னையறியாமல் விளக்கை நிமிர்ந்து பார்ப்பேன்.

அன்று கரண்ட் எப்படிப் போனது என்பதை உறுதிசெய்ய என்னால் ஆனதைச் செய்திருக்கிறேன். கோயிலுக்கு எதிர்வீட்டு அம்மா, அன்று தன் வீட்டில் டிவி நிற்கவே இல்லை, படம் முழுக்கப் பார்த்தேன் என்கிறார். தெருவே இருட்டாகத்தான் கிடந்தது என்று என் அம்மா சொல்கிறார். மின்வாரிய அலுவலகத்தில் கேட்டபோது, அந்தக் காலத்துப் பதிவெல்லாம் யாரும்மா வச்சிருக்கா என்று சிரித்தார்கள். அப்பாவிடம் கேட்டேன். “எனக்கு டார்ச்சு பேட்டரி தீந்துபோச்சு, நான் எதையும் பார்க்கல,” என்றார். அத்தையிடம் கேட்டால் அவர் மாமாவைப் பார்ப்பார். மாமா இப்போதும் அதே முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார்:

“கரண்ட்டு போனதுக்குக் காரணம் கடவுளா, சாத்தானா, மனுசனான்னு நீயே ஒரு பட்டிமன்றம் வச்சுப்போடு கண்ணு. குழாய் நான் கட்டித் தாரேன்.”

ஆகவே, பங்குசாமி தீர்ப்பு என்று சொல்லி நிறுத்திய அந்த வேளையில் ஃபியூஸ் கட்டை பலகையில் இருந்ததா, மாமாவின் சட்டைப் பையில் இருந்ததா என்பது இதை எழுதும்வரை சரிபார்க்கப்படவில்லை.